அறுபது கிராம்

அவன் நகர்வதாகத் தெரியவில்லை.

மழை வலுத்துக்கொண்டிருந்தது. மளிகைக் கடையின் தகரக் கூரைக்கடியில் ஆறேழு பேர் ஈரக் குடைகளோடு நெருக்கி நின்றார்கள். அவளுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒருவன். அவனோ கடைக்காரர் கட்டிக் கொடுத்த கொண்டைக்கடலைப் பொட்டலத்தை மறுபடி தராசில் வைத்து, பன்னிரண்டு கிராம் குறைகிறது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு கிராமுக்கு ஒரு பஞ்சாயத்தா என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். குறை உங்கள் கையில் இல்லை அண்ணே, தராசு சாய்ந்து நிற்கிறது என்று சொல்லிவிட்டு, அவன் குனிந்து ஓர் அட்டைத் துண்டை மடித்து அதன் காலுக்கடியில் செருக ஆரம்பித்தான்... அவசரமே இல்லாமல்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. குழந்தைகள் மருத்துவமனையில் உணவு ஆலோசகர் அவள். வாயைத் திறக்க மறுக்கும் பிள்ளைகளோடும், அவர்களைவிட அதிகமாக அழும் அம்மாக்களோடும் காலையிலிருந்து மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தாள்.

“சார்... அந்தப் பன்னெண்டு கடலையை நானே போட்டுத் தர்றேன். கொஞ்சம் வழி விடுறீங்களா?”

அவன் நிமிர்ந்தான்.

“பன்னெண்டு கடலை இல்லைங்க. எப்படியும் முப்பது வரும்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்கள்... துளியும் கேலி இல்லாத கண்கள். தராசு முள்ளைப் பார்ப்பதுபோல அவளையும் பார்த்தன. இப்படியா அப்படியா என்று அவசரப்படாமல், அது தானாக ஒரு இடத்தில் வந்து நிற்கும்வரை காத்திருக்கும் பார்வை. சரியாகத் தூங்கிப் பல நாளான பார்வையும்கூட.

கடைக்காரர்தான் சொன்னார். இவன் தராசு பழுது பார்ப்பவன், இந்த வட்டாரத்துக் கடைகளெல்லாம் இவனை ‘கிராம்’ என்றுதான் கூப்பிடும், வீட்டில் அம்மா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார் என்று. அவள் முகம் சட்டென்று மாறியதை அவன் பார்த்துவிட்டான். பார்த்ததும் அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

மழை விடுவதாக இல்லை. இருவரும் கூரைக்கடியிலேயே நின்றார்கள். அவள் கேட்கக் கேட்க அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அம்மாவுக்கு இடுப்பில் படுக்கைப்புண். ஆற வேண்டுமென்றால் புரதம் நிறையக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் படுத்ததிலிருந்து கறி, மீன், முட்டை எதையும் அம்மாவால் சகிக்க முடியவில்லை. வாசனை பட்டாலே குமட்டுகிறது.

“கறி இல்லாட்டி என்ன... பயறு இருக்கு, கடலை இருக்கு, சோயா இருக்கு, தயிர் இருக்கு. கூடவே கொஞ்சம் அரிசியோ கோதுமையோ சேர்த்துக்கோங்க. ஒண்ணுல இல்லாதது இன்னொண்ணுல இருக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் ஏன் இவ்வளவு மென்மையாகிவிட்டது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. கடைக்காரரிடம் ஒரு பில்லை வாங்கி, அதன் முதுகில் எழுதிக் கொடுத்தாள். காலையில் பயறு அறுபது கிராம். மதியம் கொண்டைக்கடலை அறுபது. மாலையில் சோயா ஐம்பது. இரண்டு வேளை தயிர். அளவு மீறக் கூடாது, வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தாங்காது என்று கீழே ஒரு கோடு போட்டு எழுதினாள். தூறல் பட்டு எழுத்துக் கலைந்துவிடாமல் அவன் தன் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்திருந்தான். அந்தக் கையை அவள் இரண்டு முறை பார்த்தாள்...

மூன்றாவது முறை பார்க்காமலிருக்கப் பேனாவை மூடினாள்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் வந்தன. அவன் கடலை வாங்க வருவான். அவளுக்கு வாங்க ஒன்றும் இருக்காது, ஆனாலும் வருவாள். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ. அவன் அதிகம் பேசமாட்டான். முதல் வாரம் அந்த அமைதி அவளைச் சங்கடப்படுத்தியது. நான்காவது வாரம் அதற்காகவே அவள் வந்தாள். தோழி ஒருத்தி, என்னடி அந்தத் தராசுக்காரர் உன்னை நிறுத்துப் பார்த்தாச்சா என்று சீண்டியபோது, முள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவள் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு நாள் அதையே நினைத்துச் சிரித்தாள்.

ஒரு சனிக்கிழமை அவன் கிளாஸையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

“ஒரு தடவை வீட்டுக்கு வந்து அம்மாவைப் பாருங்களேன்.”

அவள் காது மடல் சூடானது. அழைத்தது உணவு ஆலோசகரையா... அவளையா? எந்த உறவில் அந்த வாசற்படி ஏறுவது? போனால் அம்மா தன்னை எப்படிப் பார்ப்பார்? என்ன புடவை கட்டுவது? பார்க்கலாம் என்றாள். அடுத்த வாரமும் அவன் கேட்டான். அப்போதும் சிரித்துக்கொண்டே, பார்க்கலாம் என்றாள். கேட்கவைத்துக் கேட்கவைத்துப் போவதில் ஒரு இனிப்பு இருந்தது. அந்த இனிப்புக்காக எத்தனை வாரங்களைச் செலவழித்தாள் என்று பின்னாளில் அவள் எண்ணிப் பார்த்ததுண்டு... ஐந்து.

பத்தாவது வாரம் அவன் முகம் கறுத்துப்போய் வந்தான். புண் மூடவில்லை, பெரிதாகியிருக்கிறது. அம்மா மெலிந்துகொண்டே போகிறார். பட்டியலில் கொஞ்சம் கூட்டலாமா என்று கேட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் கணக்கு தப்பியதில்லை. மருத்துவமனையில் எத்தனை பிள்ளைகள் அவள் பட்டியலில் தேறி எழுந்து ஓடியிருக்கின்றன... பட்டியல் சரிதான், கொடுக்கும் கையில்தான் எங்கோ குறை இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதை அவள் வாய் அப்படியே சொல்லிவிட்டது.

“நான் எழுதினதை நீங்க ஒழுங்கா குடுத்திருந்தா இந்நேரம் ஆறியிருக்கணும். வேலை வேலைன்னு ஒரு வேளை ரெண்டு வேளை விட்டிருப்பீங்க. உண்மையைச் சொல்லுங்க.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு டீக்குக் காசை வைத்துவிட்டு, எழுந்து போனான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று முதலில் இருந்தாள். தப்பு அவன் பக்கம், அவனே வரட்டும். பிறகு அவன் வராவிட்டாலும் பரவாயில்லை, தூரத்தில் ஒருமுறை தெரிந்தால் போதும் என்றானது. ஏழாவது சனிக்கிழமை வெட்கத்தை விட்டுக் கடைக்காரரிடம் கேட்டாள்.

கடைக்காரர் கையிலிருந்த பருப்பைக் கீழே வைத்தார். உங்களுக்குத் தெரியாதாம்மா என்றார். அவன் அம்மா தவறி முப்பது நாளைக்கு மேல் ஆகிவிட்டது.

முகவரி வாங்கிக்கொண்டு அப்போதே கிளம்பினாள். மூன்றாவது மாடி. வெயில் நேராக விழும் மத்தியான நேரம். கதவைத் திறந்தது அவனுடைய அக்கா. பள்ளி அலுவலகம் ஒன்றில் வேலை, கல்யாணம் வேண்டாமென்று அம்மாவோடே இருந்துவிட்டவர் என்று அவன் சொன்னதுண்டு. யார் என்று இவள் சொல்லுமுன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

“டயட் மேடமா? உள்ள வாம்மா. தம்பி வேலைக்குப் போயிருக்கான், வர்ற நேரம்தான்.”

முன்னறையில் கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். அது கிடந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. அக்கா சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். துக்கம் விசாரிக்க வந்தவளிடம் பேச அவருக்குத் தம்பியைப் பற்றித்தான் இருந்தது. அவனைப்போல யாராலும் பார்த்திருக்க முடியாது என்றார். ஒரு வேளை தவறியதில்லை. வேலைக்கு நடுவில் சைக்கிளில் வந்து ஊட்டிவிட்டுப் போவான்.

“அதுலயும் உன் பேச்சுன்னா அவனுக்கு வேதவாக்கும்மா. வேக வெச்சு, தண்ணி வடிச்சு, தராசுல வெச்சு... அறுபதுன்னா அறுபதுதான். அம்மா சில நாள் இன்னும் ஒரு கரண்டின்னு கை நீட்டுவாங்க. அளவு மீறக் கூடாதும்மா, மேடம் சொல்லியிருக்காங்கன்னு கெஞ்சுவான். மீந்ததை நானும் அவனும் சாப்பிடுவோம்.”



“வேக வெச்ச பிறகா நிறுத்தார்?”

“பின்ன? வேகாததை எப்படிம்மா சாப்பிடுறது?”

அக்கா வெள்ளந்தியாகத்தான் கேட்டார். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

மருத்துவமனையில் ஸ்டோர் அறையில் நிறுத்துக் கொடுப்பது உலர்ந்த பருப்பு. அங்கே எந்தப் பட்டியலிலும் ‘வேகுமுன்’ என்று யாரும் எழுதுவதில்லை, எழுதத் தேவையில்லை, சமையல்காரருக்குத் தெரியும். அவளும் பழக்கத்தில் எழுதவில்லை. அவன் தொழிலிலோ, கடைசியாகக் கைக்குப் போய்ச் சேரும் எடைதான் எடை. வெந்த கடலையில் பாதிக்கு மேல் தண்ணீர். பத்து வாரம்... அந்த அம்மாவுக்கு வேண்டிய புரதத்தில் பாதிகூடப் போகவில்லை. ஒரு கிராம் பிசகாமல் அவன் குறைத்துக் கொடுத்திருக்கிறான். அவனைப்போய் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று...

ஒரே ஒரு நாள் அவள் இந்தச் சமையலறையில் வந்து நின்றிருந்தால் போதும். ஒரே ஒரு நாள்.

இப்போதே கிளம்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. போனவர் வரப்போவதில்லை. துக்கம் ஆறியதும் அவன் மறுபடி டீக்கடைக்கு வரக்கூடும். சொல்லிவிட்டால்... அம்மாவைக் கொன்றவளின் முகத்தை எந்தப் பிள்ளை மறுபடி பார்க்க விரும்பும்? ஆனால் அக்கா முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி யாரிடமும் பேசுவதில்லை, அம்மா போனதற்குத் தான்தான் காரணம் என்று உள்ளுக்குள் எதுவோ அரித்துக்கொண்டிருக்கிறது அவனை என்று.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

எடைக்கற்கள் நிறைந்த பெட்டியோடு அவன் வாசலில் நின்றான். அவளைக் கண்டதும் அவன் கண்களில் ஏதோ ஒன்று எழுந்து, உடனே அடங்கியது. அக்கா டீ போடத் திரும்பிக்கொண்டார். அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பால்கனிப் பக்கம் நடந்தான். அவள் பின்னால் போனாள்.

கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். தான் எழுதியது வேகுமுன் எடை என்பதை. அதை எழுத மறந்ததை. சரியாகச் செய்தவனைக் குற்றவாளி ஆக்கியதை. அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். ‘இன்னும் ஒரு கரண்டி’ என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது.

கீழே தெருவில் ஒரு வண்டி வந்து, நின்று, போயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அவள் காத்திருந்தாள். திட்டட்டும், போ என்று சொல்லட்டும்...

“எனக்குத் தெரியும்” என்றான்.

அவள் திரும்பினாள்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். அங்கே இருந்த உணவு ஆலோசகர் என்ன கொடுத்தீர்கள் என்று விசாரித்தபோது விஷயம் வெளியே வந்துவிட்டது. அதற்குள் புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. இதனால் மட்டும்தான் என்று யாராலும் சொல்ல முடியாது, வயது, பக்கவாதம், எல்லாம் சேர்ந்துதான் என்றார் டாக்டர். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

“அதனாலதான் வரலையா? என் முகத்துல முழிக்கப் பிடிக்காமதான்...”

அவன் இல்லையென்று தலையசைத்தான். கொடியில் காய்ந்திருந்த ஒரு துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்.

“ஆஸ்பத்திரில அந்த டயட் அம்மா சொன்னதும் எனக்கு மொதல்ல எங்கம்மா நினைப்பு வரலைங்க... உங்க நினைப்புதான் வந்துச்சு. இது தெரிஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்களே, அப்புறம் எந்தக் குழந்தைக்கும் கை நடுங்காம எழுத முடியாதேன்னு. பெத்தவ உள்ள மூச்சுக்குத் திணறிட்டுக் கெடக்கா... எனக்கு உங்க கவலை. இப்படியும் ஒருத்தன் இருப்பானான்னு என்னையே எனக்குப் பிடிக்கலை. உங்களைப் பார்த்தா சொல்லிடுவேனோன்னு பயம். அதான் வரலை. கோவமெல்லாம் இல்லை... கோவப்பட்டுப் பார்த்தேன். முடியலை.”

அவன் அதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்பவனைப் போலவே சொன்னான். இத்தனை நாள் எந்த வார்த்தைக்காக அவள் ஏங்கியிருந்தாளோ, அது இப்படி ஒரு வாசலால் உள்ளே வரும் என்று நினைத்ததே இல்லை. சந்தோஷப்பட அவளுக்குத் தைரியம் இல்லை. அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துவிட அவன் கை பாதி தூரம் எழுந்து, அங்கேயே நின்றது. மீதித் தூரத்தை அவள் கடந்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“இல்லை. சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டாம்.”

“சொல்லணும். நானே சொல்றேன்.”

அக்கா தாங்கமாட்டாள், மன்னிக்கவும் மாட்டாள், இது நம் இருவரோடு போகட்டும் என்றான் அவன். முதல்முறையாக அவன் குரல் அவசரப்பட்டது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“மறைச்சு வெச்சுட்டு... இந்த வீட்டுக்குள்ள நான் எப்படிங்க வந்து வாழுறது?”

அவள் சொன்னது அவனுக்குள் போய்ச் சேர்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே அக்கா மூன்று தம்ளர்களில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் மன்னிக்காமல் போகலாம். கையைப் பிடித்து வெளியே அனுப்பிவிடலாம். வருஷக் கணக்கில் பேசாமலிருக்கலாம். எல்லாவற்றுக்கும் அவருக்கு உரிமை இருக்கிறது. இரண்டடி வைத்தபோது பக்கத்தில் இன்னொரு காலடி கேட்டது. அவனும் வந்துகொண்டிருந்தான், கையை விடாமல்.

அக்கா நிமிர்ந்தார். கோத்திருந்த கைகளைப் பார்த்தார். இத்தனை நாளில் இல்லாத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் மெல்லத் தொடங்கியது. அது முழுசாக மலர்வதற்குள் சொல்லிவிட வேண்டும்...

“அக்கா... டீயை வெச்சுட்டு கொஞ்சம் உட்காருங்க” என்றாள்.