வீட்டில் நிற்கும் வண்டி

தினமும் காலை ஏழே முக்காலுக்கு வர்ஷிதா முட்டை ஏற்றிய பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். சங்ககிரி மலையடிவாரத்துப் பண்ணையிலிருந்து ஆறு கடைகள், இரண்டு விடுதிகள், ஒரு பள்ளிக்கூடம். கடைசியாக எடப்பாடிச் சாலையில் இருக்கிற டீக்கடைக்கு நாலு அட்டை முட்டையை இறக்கிவிட்டு, சும்மா ஒரு நூறடி முன்னால் போய்ப் பார்ப்பாள். சாலையோரம் மஞ்சள் பூசிய கல் ஒன்று வரும். அதை நெருங்கியதும் வண்டி மெல்லத் தயங்கும். டேஷ்போர்டில் ‘டி’ என்ற எழுத்து அணைந்து ‘பி’ எரியும். கியர் தானாகவே பார்க்கிங்குக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின்தான் கத்தும், சக்கரம் அசையாது.

“வர்ஷிதா, உங்கள் வட்டம் இங்கே முடிகிறது. பின்னோக்கிச் செல்ல விரும்புகிறீர்களா?” என்று வண்டி கேட்கும். அவ்வளவு மரியாதையான குரல். அந்த மரியாதையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“விரும்பறேன், விரும்பறேன். வேற வழி?” என்பாள். ‘ஆர்’ எரியும். வண்டி பின்னால் நகரும்.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று டீக்கடைக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. கடை மூடிய பிறகு அவரும் அந்தக் கல் வரை நடந்துபோய் நின்றுவிட்டு வருகிறவர்தான்.

வீட்டை மையமாக வைத்து ஆளுக்கு ஒரு வட்டம், பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்குள் டாக்டர் வருவார், மருந்து வரும், மளிகை வரும். நலவலை என்கிற கணினி வலை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். பத்தொன்பது வருடமாகச் சாலையில் ஒருத்தர்கூடச் சாகவில்லை. அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. வர்ஷிதாவின் அப்பா இதே எடப்பாடிச் சாலையில் லாரியில் அடிபட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். அதனால் நலவலையைத் திட்ட வாயெடுத்தாலும் பாதியில் அவளுக்கு வார்த்தை நின்றுவிடும்.

வட்டத்தைத் தாண்ட வேண்டுமென்றால் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும். அவள் போட்டிருந்தாள். மகள் செந்தாழைக்கு இது தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும், அது முடியாவிட்டால் தாயாவது போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். காலங்காலமாக நடக்கிற முறை. ஆனால் கல்யாணமான அன்றைக்கே செந்தாழையின் வட்டம் மேட்டூருக்கு மாறிவிட்டது. இரண்டு வருடமாக அம்மாவும் மகளும் திரையில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மனுவுக்கு மூன்றே நொடியில் பதில் வந்தது. ‘பேறுகால உதவியாளர் நியமிக்கப்பட்டுள்ளார். காணொளிச் சந்திப்பு போதுமானது. வாழ்த்துகள்.’

“வாழ்த்து சொல்லுதுங்க இது, வாழ்த்து!” என்று அன்றைக்கு அவள் திரையைத் துணியால் மூடிவிட்டு அழுதாள்.

அவள் கணவன் பிரணவ் அதிகம் பேசாத மனிதர். கோழிப்பண்ணையில் தீவன இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. அன்று சாயங்காலம் வெளியே போய் பிக்கப்புக்கு அடியில் படுத்தவர் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“புது வண்டியா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. மோட்டாரும் மூளையும் ஒண்ணாப் பின்னிக் கெடக்கும். இது கெழட்டு வண்டி. நலவலைக்காரன் எஞ்சின்ல கையே வெக்கல. ஆட்டோமேட்டிக் கியர் பொட்டிக்குள்ளதான் அவனோட சிப்பு இருக்குது. டி-க்குப் போறதா, பி-க்குப் போறதான்னு முடிவு பண்றதும் அதுதான். வண்டி எங்க நிக்குதுன்னு ஊருக்குச் சொல்றதும் அதுதான்.”

“சரிங்க, அதுக்கு?”

“பொட்டியவே கழட்டிட்டா?”

“கியர் இல்லாம வண்டி எப்புடீங்க ஓடும்?”

“கையில போடற கியர வெக்கலாம், புள்ள. எங்கப்பன் காலத்துல எல்லாமே அதுதான்.”

மூடிப்போன கல்குவாரிக் குழிக்குள் இதே கம்பெனியின் கைக்கியர் பிக்கப் ஒன்று மழைத்தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடந்தது. அதிலிருந்து கியர் பெட்டி, ஃப்ளைவீல், கிளட்ச் தட்டு, மூன்று பெடல்கள் என்று ஒவ்வொன்றாகத் தீவன மூட்டைக்கு நடுவில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். செந்தாழைக்கு அப்போது நாலாம் மாதம்.

ஒன்றும் லேசில் பொருந்தவில்லை. புதிய பெட்டி பழையதைவிடக் குட்டை, அதனால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீள ராடு ஒரு சாண் எட்டாமல் நின்றது. அதை வெட்டி ஒட்டி நேராக்கவே மூன்று வாரம் ஆனது. கியர் கம்பி மேலே வருவதற்கு வண்டியின் தரையில் ஓட்டை போட்டார். கிளட்ச் பெடலுக்கு இடமில்லாமல் பிரேக் பெடலைச் சீவினார். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் கம்மென்று இருந்தது. பார்க்கிங்கில் இருக்கிறேன் என்று கியர் பெட்டி சொன்னால்தான் இந்த எஞ்சின் கிளம்பும். அதைச் சொல்லத்தான் இப்போது பெட்டி இல்லையே. பிரணவ் இரண்டு நாள் யோசித்துவிட்டு, அந்தச் செய்தி வருகிற இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி ஒட்டினார். எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது.

கழற்றிய பழைய பெட்டியை அவர் தூக்கிப் போடவில்லை. தீவனக் கொட்டகையில் இரண்டு மரக்கட்டை மேல் வைத்து ஒரு பேட்டரியோடு இணைத்தார். சின்னத் திரையில் ‘பி’ எரிந்தது. பிக்கப் வீட்டில் நிற்கிறது, ஆகவே அதன் சொந்தக்காரி வர்ஷிதாவும் வீட்டில் இருக்கிறாள் என்று அது நலவலைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. வண்டி நிற்கிற இடமே ஆள் இருக்கிற இடம் என்பது சட்டம். எல்லா வண்டியும் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடுவதால் சாலையில் வேறு காவல் கிடையாது, கேமராவும் கிடையாது.

முட்டை வினியோகத்துக்குப் பண்ணையிலிருந்து வேறு வண்டி தந்தார்கள். தன் வண்டி பழுது என்று வர்ஷிதா சொல்லியிருந்தாள். குவாரிக்குள் மத்தியான வெயிலில் ஓட்டிப் பழகினாள். பின்னால் ஐந்து அட்டை முட்டை ஏற்றிக்கொள்வாள். கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் வண்டி துள்ளும், முட்டை உடையும். முதல் நாள் எழுபது உடைந்தது. வீட்டில் ஒரு வாரம் முட்டைப் பொரியல்தான். எட்டாம் மாதத்தில் ஒருநாள் ஒன்றுகூட உடையாமல் மூன்று சுற்று வந்தாள். பிரணவ் கைதட்டவில்லை. அட்டையைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

பயம் ஒன்றுதான். பக்கத்துப் பண்ணை லோகேஷ், அண்ணனைப் பார்க்கக் காட்டு வழியாகவே பவானிக்கு நடந்து போனவன், அங்கே அகப்பட்டுக்கொண்டான். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. கண்டெடுத்த இடமே இனி மையம் என்று சொல்லி அவன் வட்டத்தைப் பவானியில் போட்டுவிட்டார்கள். திருப்பிக் கூட்டி வருவதும் ஒரு பயணம், அதிலும் ஆபத்து இருக்கிறதாம். பதினோரு வருடமாக அவன் பெண்டாட்டி இங்கே, அவன் அங்கே. ராத்திரிச் சோற்றைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

அதனால் திட்டத்தைத் துல்லியமாகப் போட்டார்கள். மூன்றே நாள். தொலைபேசியை வர்ஷிதா வீட்டிலேயே விட்டுவிடுவாள். நலவலை தினமும் இரண்டு வேளை கூப்பிட்டு நலம் விசாரிக்கும். பிரணவ் எடுத்து, “வீட்லதான் இருக்கறா, தூங்கறா” என்று சொல்ல வேண்டும். அவருக்குப் பொய் சுட்டுப்போட்டாலும் வராது. வர்ஷிதா முன்னால் நின்று ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தாள்.

வலி எடுத்துவிட்டது என்று ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை திரையில் சொன்னார். கால் மணி நேரத்தில் அவள் கிளம்பிவிட்டாள். டீக்கடை தாண்டி மஞ்சள் கல் வந்தபோது பழக்கத்தில் அவள் உடம்பே முன்னால் குனிந்து தயாரானது. கல் பின்னால் போனது. எந்தக் குரலும் கேட்கவில்லை. இடது காலை மிதித்து, கம்பியை இழுத்து, மூன்றாம் கியருக்கு மாற்றினாள். வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்து சாலை மறைந்தது. “ஏய், பாத்து ஓட்டுடி” என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அப்பா செத்த வளைவில் மட்டும் இரண்டாம் கியருக்கு இறக்கி மெதுவாகப் போனாள்.

எடப்பாடி தாண்டி மேட்டூர் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பேறுகால நிலையம் அணைக்குப் போகிற ஏற்றத்தில் இருந்தது. வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு ஓடினாள். கண்ணாடிக் கதவு மூடியிருந்தது, ஆள் யாரும் இல்லை. ஒரு தட்டில் உள்ளங்கை அடையாளம் வரைந்திருந்தது. கையை வைத்தாள்.

“வணக்கம். கைரேகை வர்ஷிதாவுடையது. ஆனால் வர்ஷிதா தற்போது சங்ககிரியில், தன் வீட்டில் இருக்கிறார். ஒருவர் இரண்டு இடங்களில் இருக்க இயலாது. அனுமதி இல்லை.”

போவதற்கு யோசித்தார்கள், திரும்பி வருவதற்கு யோசித்தார்கள். ஐந்து மாதம் தலையை உடைத்துக்கொண்ட இரண்டு பேருக்கும், போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு கதவு இருக்கும் என்பது தோன்றவே இல்லை. அவர்கள் வட்டத்துக்குள் எந்தக் கதவும் அவளைக் கேள்வி கேட்டதில்லை.

கதவைத் தட்டினாள். மகள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். உள்ளே எங்கோ ஒரு பெண் வலியில் அலறியது கண்ணாடியைத் தாண்டி மெலிதாகக் கேட்டது. பெற்றவளுக்குக் குரல் தெரியாதா?

“ஐயத்தைத் தீர்க்க, வீட்டில் இருக்கும் வர்ஷிதாவை அழைக்கவா?” என்றது கதவு.

“கூப்பிடு! கூப்பிடு!”

மணி இரண்டு முறை அடித்தது. பிரணவின் குரல் வந்தது.

“வர்ஷிதா வீட்டில் இருக்கிறாரா?” என்று கதவு கேட்டது.

“வீட்லதான் இருக்கறா. தூங்கறா.” ஒரு தடங்கல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. சொல்லிக்கொடுத்தபடியே அச்சு மாறாமல் சொன்னார்.

“உறுதி செய்யப்பட்டது. அனுமதி இல்லை.”

“ஏனுங்க! ஏனுங்க, நானுங்க! வெச்சுராதீங்க!”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “வர்ஷி? எங்கிருந்து புள்ள பேசற?”

“ஆஸ்பத்திரி வாசல்லங்க. கதவு தொறக்க மாட்டேங்குது. நான் வீட்ல இருக்கறேனாம். நம்ம செந்தாழப் பாப்பா உள்ள கத்தறாங்க... எனக்குக் கேக்குது.”

என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. கொட்டகையில் பேட்டரி ஒயரைக் கழற்றினால் அந்தப் பெட்டி பேச்சை நிறுத்தும். வர்ஷிதா வீட்டில் இல்லை என்றாகும். எங்கே என்று நலவலை தேடும், இந்தக் கதவில் கண்டெடுக்கும். அதற்குப் பிறகு லோகேஷின் கதைதான். மேட்டூரைச் சுற்றிப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

“திரும்பி வந்துட்றேனுங்க,” என்றாள் அவள். “நீங்க சொன்னா இப்பவே வண்டிய எடுத்து வந்துட்றேன்.”

உள்ளிருந்து இன்னொரு அலறல் வந்தது. இந்த முறை அது “அம்மா” என்றிருந்தது. சங்ககிரி வரைக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

“ஏம்புள்ள,” என்றார் பிரணவ், “வண்டிய சரிவுலயா நிறுத்தியிருக்கற?”

“ஆமாங்க.”

“கியர் எதுல கெடக்குது?”

“ஒண்ணுலங்க.”

“ஒண்ணுலயே கெடக்கட்டும். உருளாது.” செருப்பு தேய்கிற சத்தம், கொட்டகைக் கதவு கிறீச்சிடும் சத்தம், பிறகு அவர் குந்தி உட்காரும்போது எப்போதும் விடுகிற பெருமூச்சு. “அஞ்சு மாசம் என்ற கூடவே கெடந்து கஷ்டப்பட்ட புள்ள நீ. ஒரு முட்ட ஒடையாம ஓட்டுன பாரு, அன்னிக்கு எனக்குச் சொல்லத் தெரியல. உள்ள போ சாமி. போய்ப் பாப்பாவப் பாரு.”

“ஏனுங்க...”

கதவின் திரையில் ஒரு வட்டம் சுழன்றது. “வர்ஷிதாவின் இருப்பு அறியப்படவில்லை,” என்றது குரல். அவள் தன் கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். கீழே வண்டி முதல் கியரில் நின்றுகொண்டிருந்தது.

“வர்ஷிதா, நீங்கள் கண்டெடுக்கப்பட்டீர்கள். உங்கள் புதிய வட்டத்துக்கு நல்வரவு.”

கதவு திறந்தது. தொலைபேசித் தொடர்பு அதற்குள் அறுந்திருந்தது. அவள் அழுதுகொண்டே தாழ்வாரத்தில் ஓடினாள். நான்காவது அறையில் வெள்ளை உதவியாளர் இயந்திரம் ஒன்று செந்தாழையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதைத் தோளால் ஒதுக்கிவிட்டு, இரண்டு வருடம் கழித்து மகளின் கையைப் பிடித்தாள். கை சுட்டது, வேர்த்திருந்தது.

செந்தாழை கண்ணைத் திறந்து பார்த்தாள். திரையா நிஜமா என்று புரியாமல் அம்மாவின் முகத்தைத் தடவினாள்.

“எப்புடிம்மா வந்தீங்க?” என்றாள் மூச்சு வாங்க. அம்மாவின் தோளுக்குப் பின்னால் வாசலைத் தேடினாள். “அப்பா? அப்பா எங்கம்மா?”

வர்ஷிதா மகளின் ஈரத் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

“வீட்லதான் இருக்கறாரு, சாமி,” என்றாள்.