பதினேழாம் குப்பி

செவ்வாய்க்கிழமை காலை வனஜா வந்து பார்த்தபோது பதினேழாம் குப்பி மஞ்சளாகியிருந்தது.

செல்களுக்கு ஊற்றும் சத்துநீர் சிவப்பு. அதைத் தின்று செல்கள் பெருகப் பெருக, அரைத்து வைத்த மாவு புளிக்கிற மாதிரி அதுவும் புளித்து மஞ்சளாகும். முந்தின நாள் சாயங்காலம்தான் குப்பிகளைக் கவனிக்கிற உத்தமன் புது நீர் மாற்றியிருந்தார். குறைந்தது வியாழக்கிழமை வரைக்கும் சிவப்பாகவே இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பதினாறும் பதினெட்டும் சமர்த்தாகச் சிவப்பாகத்தான் இருந்தன. இதற்கு மட்டும் என்ன அப்படி ஒரு பசி?

உண்மையில் குப்பியைத் தொடுவதே வனஜாவின் வேலை இல்லை. வேலப்பன்சாவடியில் ஹைரோட்டை ஒட்டி, டைல்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் அவள் கம்ப்யூட்டர்க்காரி. நோயாளியின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோயைக் கண்டால் அடிக்கும்படி பழக்கி, குப்பியில் பெருக்கி, திரும்ப அவர்களுக்கே ஏற்ற முடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. எந்தச் செல் பெருகுகிறது, எது தேய்கிறது என்று அவற்றின் மரபணு எழுத்துகளை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் பொறுப்பு. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதைத் தர வேண்டிய ஆள் ஒரு பந்த் நாளில் வராமல் போக, 'இதுக்குப் போய் ஒரு வாரம் காத்திருக்கணுமா' என்று வனஜா தன் கையையே நீட்டிவிட்டாள். அவளுக்கு எதிலும் அவசரம்தான்.

ஊசியை எடுத்த உத்தமன் தயங்கினார். இருபது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் இருந்துவிட்டு வந்த மனுஷன்.

"வேணாம் மேடம். சொந்த ரத்தத்த இங்க வளக்கக் கூடாது. அடுத்தவன் செல்லு உள்ள போச்சுன்னா உடம்பு தொரத்தி அடிச்சிடும். உங்களுது கெட்டுப்போயி திரும்ப உங்களுக்குள்ளயே பூந்துச்சுன்னு வெச்சிக்கோங்க, நம்ம புள்ளதானேன்னு உட்டுடும்."

குப்பிப் பக்கமே வராத எனக்கு எப்படிப் புகும் என்று அவள் சிரித்தாள். புரட்டாசியில் உத்தமனின் மாமனார் தவறிப்போய் அவர் லீவில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீர் மாற்ற ஆளில்லாமல் அவளே வந்தாள். தன் செல்களே வளர்ந்த பதினேழாம் குப்பியிலிருந்து எடுத்த ஊசி கையுறையைத் தாண்டி விரலில் சுருக்கென்று ஏறியது. கையுறையை உருவிப் போட்டுவிட்டு, அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டால் செய்வதைப் போல விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், கைக்குழந்தையை விட்டுவிட்டு இந்த வேலை தேவையா என்று புருஷன் மனோகரன் மறுபடி ஆரம்பித்துவிடுவான்.

அதற்கு ஆறு வாரம் ஆகிவிட்டது.

இடது தாடைக்குக் கீழே ஒரு கட்டி. பல் வலியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள், ஆனால் பல் வலிக்கவேயில்லை. அப்புறம் அந்தச் சத்தம். குப்பிகளை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிற அலமாரி பகல் முழுக்க 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருக்கும், அது பழகிப்போன சத்தம். சேக்காட்டில் வீட்டு அடுப்படியில் நின்று ரசத்துக்குப் புளி கரைக்கும்போதும் அதே முனகல் கேட்டது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் கரைத்தாள். அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது.

பத்து நாளைக்கு முன், ரத்தசோகையா என்று பார்க்க வேண்டும் என்று உத்தமனிடம் பொய் சொல்லி ரத்தம் எடுக்கச் சொன்னாள். அதையும் மற்றவற்றோடு மரபணு எழுத்துப் பார்க்க அனுப்பிவிட்டாள். அதன் முடிவு இருந்த ஃபிளாப்பி இன்றைக்கு மத்தியானம் வந்தது.

நாலு மணிக்கே கார்த்திகை மழை இருட்டிக்கொண்டு வந்தது. இந்த மஞ்சள் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி, உத்தமன் பதினேழாம் குப்பியில் பிளீச் ஊற்றித் தொட்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே போனார். வனஜா ஃபிளாப்பியைச் செருகி, அச்சடிக்கக் கொடுத்தாள்.

நல்ல ரத்தத்தில் நூறு செல்லை எடுத்தால் நூறும் நூறு விதமாக இருக்கும். ஒரு செல்லின் எழுத்து ஒரு வரி என்பதால் அந்தப் பழைய பிரிண்டரில் வரிக்கு வரி சத்தம் மாறும், ஒன்று கரகரக்கும், ஒன்று கீச்சிடும், ஒன்று பாதியில் இழுத்துவிட்டுப் போகும். நாலு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, பேப்பரைப் பார்க்காமலேயே அவளுக்கு எல்லாம் பிடிபட்டுப்போயிருந்தது.

முதல் வரி ஓடியது. இரண்டாவது வரியிலும் அதே சத்தம். மூன்றாவதிலும் அதே.

மழை ஜன்னலில் அறைந்தது. பிரிண்டர் ஒரே மெட்டை அடித்துக்கொண்டே இருந்தது. எங்கேயாவது மாறும், இதோ இப்போது மாறும் என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. போன மாதக் கணக்கில் பதினேழாம் குப்பியில் மற்றதையெல்லாம் தின்றுவிட்டுத் தனியாக நின்றதே, அந்த வரிதான். அவள் ரத்தத்தில்.

திரும்பிப் பார்த்தாள். பிளீச் ஊற்றியதில் குப்பி வெளுத்துத் தண்ணீராக நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அடியிலிருந்து மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது.

செத்ததெல்லாம் எழுந்து பசிக்கிறது என்கிறதா? தாடைக்கடியில் சூடு. அங்கே ஏதோ துடித்தது. நெஞ்சுத் துடிப்பு இல்லை. அதைவிட மெதுவாக.

சரி, போகட்டும். எனக்குத்தானே. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மருந்து இருக்கும், கதிர்வீச்சு இருக்கும். நல்லவேளை, வேறு யார் உடம்புக்குள் போனாலும் இது பிழைக்காது, துரத்திவிடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள், அந்த நினைப்பில் கொஞ்சம் தெம்பும் வந்தது. அப்போது ரவிக்கை நனைந்தது. மணி ஐந்து. குழந்தை ராணிக்குப் பால் கொடுக்கிற நேரம் நெருங்கினால் தானாகச் சுரந்துவிடும்.

வனஜா ஈரத்தைக் குனிந்து பார்த்தாள்.

தாய்ப்பாலில் உயிரோடு எதிர்ப்புச் செல்கள் உண்டு. சொட்டுக்கு ஆயிரக்கணக்கில். படித்தவள் அவள், அவளுக்குத் தெரியும். காலையும் மாலையும் ஆறு வாரம் ஊட்டியிருக்கிறாள். குழந்தையின் உடம்பு துரத்தாதா? துரத்தும், கட்டாயம் துரத்தும், அது வேறு உடம்பு.

ராணி வேறு யாரோ இல்லையே. பாதி வனஜாவேதானே.

குடையை விட்டுவிட்டு ஓடினாள். பூந்தமல்லியில் இறங்கி ஆவடி பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பருத்திப்பட்டு ஏரியோரம் மழையில் பஸ் ஊர்ந்தது. 'என் கொழந்தைக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது, எல்லாம் என்னோட போகட்டும்' என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் நின்றவள் தள்ளிப் போனாள். இஞ்சின் சத்தத்துக்கு அடியில் அந்த முனகல். ம்ம்ம். அது பஸ்ஸிலிருந்து வரவில்லை.

சேக்காட்டில் கரண்ட் இல்லை. மனோகரன் ஃபேக்டரியில் செகண்ட் ஷிஃப்ட். பக்கத்து வீட்டு அன்னம்மாள் சிம்னி விளக்கோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அழுது அழுது ராணியின் தொண்டை கட்டியிருந்தது.

"மத்தியானத்துலேந்து அயுதுகினே கீதும்மா. புட்டிப்பாலு தொட மாட்டேங்குது. கயுத்தாண்ட இன்னாமோ கட்டி மாரி கீது, பாரு."

விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள்.

இடது தாடைக்குக் கீழே. புளியங்கொட்டை அளவு.

வனஜா விரலை வைத்தாள். சூடு. மெதுவான துடிப்பு. தன் கட்டியில் இன்னொரு கையை வைத்தாள்.

ஒரே நேரம். ஒரே துடிப்பு.

கொடுக்கவே கூடாது, இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று பின்னால் நகர்ந்தாள். ராணி இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். பிடிக்காவிட்டால் கீழே விழுந்துவிடுவாள் என்பதால் பிடித்தாள். நனைந்த ரவிக்கையைக் குழந்தை தேடவில்லை. பாலைத் தேடவேயில்லை. மெல்ல மேலே ஏறி, தலையைச் சாய்த்து, தன் கழுத்தை அம்மாவின் கழுத்தோடு வைத்து, கட்டியின் மேல் கட்டி பதியும்படி அழுத்திக்கொண்டாள்.

அழுகை நின்றது.

"பாத்தியா, அம்மா வந்ததும் அடங்கிப்போச்சு" என்று அன்னம்மாள் சொன்னாள். அந்த இருட்டில், மூடிய உதட்டோடு, குழந்தையின் தொண்டைக்குள்ளிருந்து அந்த முனகல் வந்துகொண்டிருந்தது. ம்ம்ம்.