என் முழமா, உங்க முழமா?

சிறுவாச்சூரில் முத்தமிழ்செல்வன் குடும்பத்துக்கு இரண்டு வீடு. ஒன்று தரையில் நிற்கும் வீடு. இன்னொன்று நான்கு சக்கரத்தில் ஓடும் வீடு.

ஓடும் வீடு, முன்பு டியூஷன் பிள்ளைகளை ஏற்றிப் போன பழைய வேன். முத்தமிழ்செல்வன் அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். வாரமெல்லாம் லாரி ஓட்டிக் களைத்த கைதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சும்மா இருக்காது. எட்டு மாதம் பாடுபட்டு அந்த வேனை வீடாக்கிவிட்டார்.

உள்ளே பகலில் உட்காரும் பெஞ்சு, இரவில் கட்டிலாகும். மூலையில் அடுப்பு. மேலே தண்ணீர்த் தொட்டி. ஜன்னலில் பூப்போட்ட திரை.

காலாண்டு விடுமுறையில் அந்த வண்டியிலேயே தரங்கம்பாடிக்குப் போய்க் கடல் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. மகள் தென்றலுக்குப் பத்து வயது. அவளும் கடல் பார்த்ததில்லை, ஆறு வயதுத் தம்பி அறிவரசனும் பார்த்ததில்லை.

ஆனால் அம்மா சத்யப்பிரியா வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

காரணம் இருந்தது. போன மாதம் வெள்ளோட்டமாக ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனார்கள். கோட்டைக்குக் கீழே பின் டயர் பொசுக்கென்று இறங்கிவிட்டது. ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை! மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார்கள்.

"ஏங்க, அடுப்பு வச்சீங்க, தொட்டி வச்சீங்க, திரை மாட்டினீங்க. காத்து வைக்க மறந்துட்டீங்களே!" என்றாள் அம்மா. "காத்தடிக்கிற மிஷின் ஒண்ணு கையோட இருந்தாத்தான் நான் ஏறுவேன். என் கண்ணு முன்னாடி பின் டயருக்கு அடிச்சுக் காட்டணும். இல்லன்னா கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

இன்றைக்குச் சனிக்கிழமை. அப்பாவுக்கு நாளையிலிருந்து மூன்றே நாள்தான் லீவு.

"போன்ல ஆர்டர் போட்டா வர்றதுக்கு நாலு நாள் ஆகும். லீவு முடிஞ்சிரும்" என்றார் அப்பா. "வா பாப்பா, பெரம்பலூருக்கே போயி வாங்கிட்டு வந்துருவோம்."

"இருங்கப்பா. என்ன வேணும்னு பாத்துட்டுப் போவோம்" என்றாள் தென்றல்.

அவள் டிரைவர் கதவைத் திறந்தாள். கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த சிறு தாளைப் படித்தாள். பின் டயருக்கு ஐம்பத்தைந்து பாயிண்ட் காற்று வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பேட்டரி முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒயர் எட்ட வேண்டுமே? அளக்கலாம் என்றால் டேப், வெல்டிங் கடையில் மாட்டிக்கொண்டிருந்தது. தென்றல் கையை மடக்கி முழம் போட்டாள். பதினாலு முழம். அதையும் எழுதிக்கொண்டாள்.

"எங்க வைக்கிறதாம்?" என்று கேட்டாள் அம்மா. "கட்டிலுக்கு அடியில அரிசி டப்பா, இட்லிப் பானை எல்லாம் அடுக்கியாச்சு. பக்கத்துல ஒரு சாண் இடம்தான் இருக்கு. அதுக்கு மேல ஒரு விரக்கடை கூடத் தர மாட்டேன்."

"அப்ப உங்க கைய இதுல வைங்கம்மா."

அம்மா நோட்டின் மேல் கையை விரித்து வைத்தாள். தென்றல் பேனாவால் அந்தக் கையைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டாள்.

வண்டி தெருமுனை திரும்பும்போது கிருஷ்ணம்மாள் அக்கா குடத்தோடு எதிரே வந்தார்.

"அப்பாவும் மவளும் எங்க கெளம்பிட்டீங்க?"

"காத்து வாங்கப் போறோம் அக்கா!" என்றாள் தென்றல்.

"நல்ல கூத்துதான்! வேப்பமரத்தடியில செலுசெலுன்னு அடிக்குது. அத வுட்டுட்டு, டீசல் போட்டுக்கிட்டுப் போயி டவுன்ல காத்து வாங்குறீங்களா?"

தென்றல் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்துவிட்டது.

பெரம்பலூரில் வண்டிச் சாமான் கடை வைத்திருந்தவர் பெயர் வெள்ளைச்சாமி. நல்ல உயரம். மேல் தட்டில் இருப்பதை எடுக்க அவருக்கு ஏணி வேண்டாம், கையை நீட்டினாலே போதும்.

"காத்தடிக்கிற மிஷினா? இந்தாங்க" என்று உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். "ஒயரே வேணாம். சார்ஜ் போட்டா ஓடும். நூத்தியம்பது பாயிண்ட் வரைக்கும் ஏத்தும். ராத்திரிக்கு லைட் எரியும். பாட்டும் பாடும்!"

ஒரு பொத்தானை அழுத்தினார். நீல விளக்கு எரிந்தது. நாதஸ்வரம் கிளம்பியது.

அப்பாவின் முகம் அந்த விளக்கை விடப் பிரகாசமாகிவிட்டது. "நமக்கு வேண்டியது அம்பத்தஞ்சு. இது நூத்தியம்பது! போதாதா பாப்பா? கட்டச் சொல்லிரலாமா?"

"நம்ம டயருக்கு ஒருவாட்டி அடிச்சுப் பாப்போம்ப்பா."

"டயர்லதான் காத்து இருக்கே?"

தென்றல் வெளியே ஓடினாள். பின் சக்கரத்தின் வால்வு மூடியைக் கழற்றினாள். வண்டிச் சாவியின் முனையால் உள்ளே இருந்த ஊசியை அழுத்தினாள். புஸ்ஸ்ஸ்ஸ்...

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடியே! காத்து வாங்க வந்த எடத்துல இருக்கிற காத்தையும் புடுங்கி வுடுறியே!"

"அம்மா முன்னாடி நிக்கிறதுக்கு முன்னால இங்கயே பாத்துக்கலாம்ப்பா."

அப்பா தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அம்மா பெயரைச் சொன்னால் அவருக்கு உடனே புரிந்துவிடும்.

கடை மீட்டர் முப்பத்தைந்து காட்டியதும் நிறுத்தினாள். வெள்ளைச்சாமி சின்ன மிஷினை மாட்டினார். 'டர்ர்ர்' என்று ஓடியது. முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு. பிறகு எருமை ஏரியிலிருந்து கரையேறுவது போல மெதுவாக ஏறியது. நாற்பத்தாறு... நாற்பத்தேழு... கீய்ங் என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்த வெள்ளைச்சாமி விரலை உதறினார்.

"சூடாயிருச்சு. ஒரு இருபது நிமிஷம் ஆறட்டும்" என்றார்.

"நூத்தியம்பது போகும்னு போட்டிருக்கே அண்ணா?"

"போவும் பாப்பா. சைக்கிள் டயரு சின்னது, அதுக்குப் போவும். இது பெரிய டயராச்சே."

தென்றல் கொஞ்சம் யோசித்தாள். "சொம்பால சொம்ப ரொப்பலாம். அண்டாவ ரொப்பினா கை வலிக்கும். அப்படித்தானே?"

வெள்ளைச்சாமி அப்பாவைப் பார்த்தார். "அண்ணே, அடுத்த வாரத்துலருந்து பாப்பாவ என் கடையில உக்கார வைங்க."

"அண்ணா, அப்ப நிக்காம எவ்வளவு நேரம் ஓடும்னு பாத்து ஒண்ணு குடுங்க" என்றாள் தென்றல்.

அடுத்து ஒரு பெரிய மிஷின் வந்தது. இரும்பு உருளை இரண்டு, தூக்கக் கைப்பிடி இரண்டு. அதை இறக்கி வைத்ததும் மேஜை முனகியது. "இது அரை மணி நேரம் விடாம ஓடும். லாரிக்கே அடிக்கலாம்."

தென்றல் நோட்டைத் திறந்து, அம்மாவின் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். மிஷின் அம்மாவின் கையைத் தாண்டி இன்னொரு கை நீளம் போனது.

"இத வச்சா இட்லிப் பானைய எறக்கணும்" என்றார் அப்பா.

"இட்லிப் பானைய எறக்கினா அம்மா நம்மள எறக்கிருவாங்க" என்றாள் தென்றல்.

வெள்ளைச்சாமி மேல் தட்டில் கையை விட்டுத் தூசி தட்டி இன்னொன்றை எடுத்தார். கறுப்பு நிறம். விளக்கு கிடையாது, பாட்டு கிடையாது. முகத்தில் ஒரு வட்ட மீட்டர் மட்டும். பேட்டரியில் கவ்வுவதற்கு இரண்டு கிளிப்.

"அழகு இல்லன்னு யாரும் இத எடுக்கிறதில்ல. கால் மணி நேரம் நிக்காம ஓடும். இது கரண்ட் நெறைய இழுக்கும். அதனால நேரா பேட்டரியில கவ்வணும்" என்றார்.

நோட்டின் மேல் வைத்தாள். அம்மாவின் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே அது கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஒயரு எவ்வளவு வேணும்?"

"பதினாலு முழம் அண்ணா."

வெள்ளைச்சாமி ஒயரைப் பிரித்தார். காற்றுக் குழாயையும் சேர்த்து நீட்டி முழம் போட்டார். "...ஒம்பது, பத்து, பத்தரை." தலையை ஆட்டினார். "பத்தாது பாப்பா. மூணரை முழம் கொறையுது."

தென்றல் நோட்டில் இருந்த பதினாலை மறுபடி பார்த்தாள். இதை விட்டால் கடையில் வேறு மிஷின் இல்லை. கடல் அலை வந்த வேகத்தில் திரும்பிப் போவது போல இருந்தது.

அப்பா அவள் தோளில் கை வைத்தார். "சரி வுடு. ஒயரு எங்கியாச்சும் சேத்துக் கட்டலாமான்னு கேப்போம்."

வெள்ளைச்சாமி ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். அந்த நீளக் கை மேலும் கீழும் போய் வந்தது. தென்றல் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"அண்ணா, சுருட்டாதீங்க! இது யாரு முழம்?"

"என் முழந்தான்."

"பதினாலு வந்தது என் முழம்! பூக்கார அக்காவே குட்டக் கைய வச்சு அளந்தா எங்க அம்மா சண்டை போடுவாங்க. என் கையால அளந்தத உங்க கையால அளந்தா எப்படிச் சரியா வரும்?"

ஒயரையும் குழாயையும் கையில் வாங்கினாள். முழங்கையில் வைத்து நடுவிரல் வரைக்கும் இழுத்தாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." அப்பாவும் கூடவே எண்ணினார். பன்னிரண்டு வந்தபோது வெள்ளைச்சாமியும் சேர்ந்துகொண்டார்.

"பதிமூணு... பதினாலு... பதினாலே முக்கால்!"

"முக்கா முழம் மிச்சம்!" என்று அப்பா கத்தினார். ரோட்டில் போனவர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

கிளிப்பைப் பேட்டரியில் கவ்வவிட்டார்கள். ஒயர் வண்டி நெடுக ஓடிப் பின் சக்கரத்தைத் தொட்டது. தென்றல் டயரை மறுபடி முப்பத்தைந்துக்கு இறக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். மிஷின் பெரிதாகச் சத்தம் போட்டது. ஆனால் முள் சளைக்காமல் ஏறி ஐம்பத்தைந்தில் வந்து நின்றது. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

வெள்ளைச்சாமி தன் கையை நீட்டி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இத்தனை வருஷமா இந்தக் கையாலதான் அளக்குறேன். எத்தன பேர திருப்பி அனுப்பினேனோ!"

அன்று மாலை வீட்டு வாசலில் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தென்றல் நான்கு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் காற்று அடித்துக் காட்டினாள். அம்மா ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். அறிவரசன் பின்னாலேயே ஓடிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா! அம்மா துணி எடுத்து வைக்கிறாங்க!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கிளம்பியது. அரியலூர் தாண்டி, ஜெயங்கொண்டமும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். சாலை ஓரத்தில் ஒரு பெண்மணி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு சின்னப் பெண் கேக் டப்பாவை அணைத்தபடி நடந்தாள். ஸ்கூட்டரின் பின் டயர் சப்பையாகக் கிடந்தது.

"ஏங்க, நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அம்மாதான் கத்தினாள். வண்டி நிற்பதற்குள் கதவையும் திறந்துவிட்டாள்.

அந்தப் பெண்மணியின் பெயர் மரிய புஷ்பம். மகள் சுபாவோடு அக்கா வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போகிறாராம். "ஞாயித்துக்கெழமைங்க. பஞ்சர் கடை ஒண்ணும் தொறக்கல. ரெண்டு கிலோமீட்டரா தள்ளிக்கிட்டு வரேன்."

"கவலப்படாதீங்க. எங்ககிட்டயே காத்து இருக்கு" என்றாள் அம்மா. "தென்றலு, மிஷின எடு!"

தென்றல் எடுப்பதற்குள் அம்மாவே எடுத்துவிட்டாள். கிளிப்பை அப்பா மாட்டினார். தென்றல் முள்ளைப் பார்த்தாள். குழாயை அம்மா பிடித்துக்கொண்டாள். டயர் கொழுக்கென்று எழுந்து நின்றது. வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார் அப்பா. "மெதுவாத்தான் கசியுது. ஊரு வரைக்கும் தாங்கும். நாளைக்குக் கடையில காட்டிருங்க."

இதற்குள் சுபா வேனுக்குள் தலையை விட்டு அடுப்பு, கட்டில், திரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"அம்மா! இவங்க வூட்டுக்குச் சக்கரம் இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்கூட்டர் கிளம்பி, முந்திரித் தோப்பு ஓரமாகத் திரும்பி மறைந்தது. சுபா கடைசி வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

அம்மா வண்டியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மெதுவாவே போங்க. வழியில வேற யாராச்சும் காத்து இல்லாம நிக்கிறாங்களான்னு பாத்துக்கிட்டே போவோம்."

"சத்யா, இப்படிப் போனா கடலுக்குப் போய்ச் சேர ரெண்டு நாள் ஆயிரும்."

"ஆனா ஆவட்டுமே" என்றாள் அம்மா, காலை நீட்டிக்கொண்டு. "நமக்கென்ன, வூட்டுலதானே இருக்கோம்!"