கண் பார்க்கும்வரை

புயல் ஓய்ந்து வெயில்கூட எட்டிப் பார்த்துவிட்டது. நெடுவாக்காட்டில் மட்டும் ஒரு கதவும் திறக்கவில்லை. விழுந்த தென்னை விழுந்தபடியே கிடந்தது. பிய்த்துக்கொண்டு போன கூரைத் தகரம் போய் விழுந்த இடத்திலேயே கிடந்தது. வான்கண் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை ஒரு மட்டையைக்கூட யாரும் நகர்த்தக் கூடாது. அதைக் கவனித்துக்கொள்ளத்தான் ஊருக்கு ஊர் ஒரு காட்சிக் காப்பாளர். நெடுவாக்காட்டின் காப்பாளர் அறிவுக்கொடி. அவள் புருஷன் மதியழகனோ, தோப்பு மோட்டார் கொட்டகைக்குள் ஒரு தென்னைக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தான்.

வான்கண் என்பது ஒரு கண் அல்ல. மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள், மேகத்துக்குக் கீழே பறக்கும் படப்பறவைகள், இரண்டும் அனுப்புகிற படங்களைப் படிக்கும் ஓர் இயந்திர மூளை, எல்லாம் சேர்ந்ததற்குத்தான் அந்தப் பெயர். புயலுக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது விழுந்தது, எது போனது என்று அது கண்டுபிடித்துவிடும். உடனே தண்ணீர், அரிசி, மருந்து, இடிபாட்டை அலுங்காமல் தூக்கும் தூக்குப்பறவை என்று எல்லாம் தானாக வந்து இறங்கும். எந்த அதிகாரியின் கையையும் காலையும் பிடிக்க வேண்டாம். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது?

வினை வந்தது சுறுசுறுப்பால். முன்பொரு புயலில் இந்த ஊர் மேலத்தெருக்காரர்கள் காற்று நின்ற கையோடு மரங்களை அறுத்து ஓரமாக அடுக்கி, கூரையைச் சரிசெய்து, தெருவைப் பெருக்கிக் கோலம்கூடப் போட்டுத் தொலைத்தார்கள். வான்கண் வந்து பார்த்தது. ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. சோம்பிக் கிடந்த கீழத்தெருவுக்கு எல்லாம் வந்தது. மேலத்தெருவுக்கு ஒரு பிடி அரிசி வரவில்லை. அன்றைக்குப் பிறந்ததுதான் இந்த வழக்கம். கண் பார்க்கும்வரை கை வைக்காதே. சேற்றில் பதிகிற காலடிகூடக் காட்சியைக் கலைத்துவிடும் என்று பயந்து, சனங்கள் வீட்டைவிட்டு வெளியே வராமலே இருக்கப் பழகிக்கொண்டார்கள். அன்று காலையும் அறிவுக்கொடிதான் ஒலிபெருக்கியில், “யாரும் வெளிய வராதீங்க, ஒண்ணையும் தொடாதீங்க” என்று தொண்டை வறளக் கத்தியிருந்தாள். மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரவே போன மதியழகன் வீடு திரும்பாதது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வரப்போரமாகப் பதுங்கிப் பதுங்கி அவளும் கொழுந்தன் குமரவேளும் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கூரை பாதி சரிந்திருந்தது. உள்ளே மதியழகனின் இடது தொடைமேல் அடிமரம் கிடந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தாலும் மனைவியைப் பார்த்ததும் சிரித்தான்.

“ரொம்ப வலிக்குதாங்க?”

“விடியிறவரைக்கும் உசுரு போச்சு. இப்ப ஒண்ணும் தெரியல, மரத்துப் போச்சு.”

குமரவேள் கையோடு கொண்டுவந்திருந்த இயந்திர ரம்பத்தை இறக்கி வைத்தான்.

“அண்ணி, ரெண்டு துண்டா அறுத்தா உருட்டி விட்டுடலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவள் வாயைத் திறப்பதற்குள் மதியழகன் முந்திக்கொண்டான். “வேணாம்டா. ஊரே கதவ சாத்திக்கிட்டு உக்காந்திருக்கு. காப்பாளர் வீட்லயே கலைச்சுட்டாங்கன்னா ஊருக்கே ஒண்ணும் வராது. தூக்குப்பறவை வந்தா நோகாம தூக்கிப்புடும். பொறுத்ததோட பொறுப்போம்.”

“இந்தா வந்துரும்,” என்றாள் அறிவுக்கொடி. அவனுக்குச் சொன்னாளோ, தனக்கே சொல்லிக்கொண்டாளோ! செம்பிலிருந்து அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள். உச்சி வெயில் ஏறுகிற நேரத்தில்தான் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி வானத்தில் சத்தம் கேட்டது. படப்பறவை! ஓடிப்போய்த் தோப்பின் நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்ட வேண்டும் என்று அவளுக்குத் துடித்தது. காப்பாளரே காட்சிக்குள் போய் நிற்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கொட்டகைக்கு மேலாகப் போய்த் தேய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் போனில் செய்தி வந்தது.

‘நெடுவாக்காடு: மரச்சேதம் கடுமை. மக்கள் நடமாட்டம் இல்லை. ஊர் முன்பே காலி செய்யப்பட்டுள்ளது. மீட்பு தேவையில்லை.’

காலியா? ஊரே உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே! அவள் உதவி மையத்தைக் கூப்பிட்டாள். பேசிய பெண் தன்மையாகத்தான் பேசினாள்.

“படத்துல ஒரு ஆள்கூட இல்லீங்களேம்மா.”

“நான் பேசிக்கிட்டிருக்கேனே தாயி, நான் ஆள் இல்லையா? எங்க வீட்டுக்காரரு மரத்துக்கடியில கெடக்காரு.”

“வாயால சொல்றத ஏத்துக்க வழியில்லம்மா. முன்னாடி இல்லாததையெல்லாம் போன்ல சொல்லி ஆள வரவழைச்சாங்க, அதனால படத்தை மட்டும்தான் எடுத்துக்கிறோம். இந்த வருஷத்துலேருந்து நடமாட்டம் இருக்கிற எடத்துக்குத்தான் மீட்பு. சாயங்காலம் அடுத்த சுற்று வருது. அப்ப எல்லாரும் வெளிய வந்து நில்லுங்க, சரிங்களா?”

அறிவுக்கொடிக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் ஆத்திரப்படுவது? அந்தப் பெண்மேலா, தலைக்கு மேலே போன பறவைமேலா? வெளியே வராதே என்று ஊருக்கெல்லாம் சொன்னது அவள் வாய்தானே! போனை மடியில் செருகினாள்.

“குமரா, அறு.”

“அண்ணி, சாயங்காலம் வருதுன்னு சொல்றாங்களே...”

“அறுடான்னா!”

ரம்பம் அலறியது. அந்தச் சத்தம் தோப்பைத் தாண்டி ஊருக்குள் போனதும் ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. காப்பாளரே கலைத்துவிட்டாள் என்று வையத்தான் வருகிறார்கள் என்று அவள் நினைத்தாள். வந்தவர்கள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மரம் உருண்டது. வழிநெடுகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த தென்னைகளை ஆளுக்கொரு பக்கம் அறுத்துத் தள்ளினார்கள். மதியழகனைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, டிராக்டரில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் நிறுத்தவில்லை. ஆரம்பித்த கை சும்மா இருக்குமா? அடுத்தடுத்த வீட்டு வாசல்களையும் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள்.

டாக்டரம்மா காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு அறிவுக்கொடியைத் தனியே அழைத்தார்.

“உயிருக்குப் பயமில்ல. ஆனா அந்தக் கால எடுத்துத்தான் ஆகணும். காலையிலயே கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். ஏம்மா, பக்கத்துல ஒருத்தர்கூடவா இல்ல?”

“ஊரே இருந்துச்சுங்க,” என்றாள் அறிவுக்கொடி. அறுவை அறை வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பொழுது சாயும் நேரத்தில் போனில் மறுபடி செய்தி வந்தது. வான்கண்ணின் அடுத்த சுற்று முடிந்திருந்தது.

‘நெடுவாக்காடு: மீட்புப் படை முழு வீச்சில் இயங்குகிறது. கூடுதல் உதவி தேவையில்லை. பணி முடிந்ததும் இப்படை வேம்பங்கொல்லைக்குச் செல்லும்.’

படையா! அரிவாளும் ரம்பமுமாக நின்ற ஊர்ச்சனத்தை மேலிருந்து பார்த்தால் வேறு எப்படித் தெரியும்? ஊரார் தாங்களே தங்களுக்கு உதவி செய்துகொள்வார்கள் என்று அந்த இயந்திரத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் அப்படிச் செய்து அது பார்த்ததும் இல்லை. படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

“அக்கா, நான் வேம்பங்கொல்லை காப்பாளர் முகிலன் பேசுறேன். கூட்டத்துல பார்த்திருக்கோமே. உங்க ஊருலேருந்து படை வருதுன்னு கண்ணு சொல்லிடுச்சு. எப்பக்கா வருவாங்க? இங்க ஒரு வீடு இடிஞ்சு ஆள் உள்ள மாட்டியிருக்கு. கூப்பிட்டா குரல் குடுக்குது. நாங்க ஒரு செங்கல்லக்கூடத் தொடல.”

“படையும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. அது எங்க ஊருச்சனம். நீங்களே தோண்டுங்க. இப்பவே தோண்டுங்க!”

“நாங்களே தோண்டினா எங்களையும் படைன்னு எழுதிப்புடுமேக்கா? அப்புறம் எங்க ஊருக்குன்னு யாரு வருவா?”

அறிவுக்கொடி சாத்தியிருந்த அறுவை அறைக் கதவைப் பார்த்தாள்.

“உள்ள இருக்கிறது யாருப்பா?”

“எங்க அம்மாதான்க்கா,” என்றான்.