குமிழி விடாதவள்

எல்லோரும் படகில் ஏறிய பிறகும் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

படகின் இடப்பக்கம், நங்கூரக் கயிறு தண்ணீருக்குள் இறங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கடல் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குக் கொப்பளித்து அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் அதே இடத்தில், அதே அகலத்துக்கு. முதுகிலிருந்த சிலிண்டரை இன்னும் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள், காதுக்குள் புகுந்த தண்ணீரைச் சுண்டுவிரலால் குடைந்தபடி அதையே பார்த்தாள். டீசலும் ஈர ரப்பரும் கலந்த வாடை. படகின் அடியில் அலை மோதி விலகும் சத்தம். வானம் மூடிக்கொண்டு, மதியமா மாலையா என்று சொல்ல முடியாத வெளிச்சம். இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் கொப்பளிப்புக்கு மட்டும் ஒரு தாளம் இருந்தது. இழுப்பு. நிறுத்தம். விடுப்பு. ஒரு வாரமாக அந்தத் தாளத்தைத்தானே அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள்?

கீழே இறங்கியவர்கள் மூன்று பேர்: அவள், அவளுடைய அக்கா, கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். ஏறியவர்களும் அதே மூன்று பேர். படகுக்காரர் தண்ணீரில் இறங்கவே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வேறு படகும் இல்லை. தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடி எண்ணினாள். மூன்று பேரை எண்ணுவதில் தப்பு வர என்ன இருக்கிறது என்று தன்னையே கடிந்துகொண்டு, இன்னொரு முறையும் எண்ணினாள்.

இந்தக் குணத்துக்காகத்தான் அக்கா அவளை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுவது. சமையல் கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் அவள். திரும்பி வந்து பார்த்தால் மூடித்தான் இருக்கும். அக்கா நேர்மாறு. அடுத்த மாதம் வேலைக்காக வேறு நாட்டுக்குப் போகிறாள். போவதற்குள் தங்கை பயப்படுகிற ஒரு காரியத்தையாவது அவளைச் செய்யவைத்துவிட வேண்டும் என்று, கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றுத்தரும் இந்தத் தீவுக்கு இழுத்து வந்துவிட்டாள். கிளம்பும்போது அம்மா பெரியவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவளிடம்தான் சொன்னாள்.

"அவ யோசிக்காம குதிக்கிறவ. உன்னை நம்பித்தான் அனுப்புறேன். ரெண்டு பேரா போறீங்க, ரெண்டு பேரா வரணும்."

விடுதியின் நீச்சல்குளத்தில் மாலை வகுப்பு நடந்தது. பயம் வந்தால் அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். அது தெரியாமலே நடந்துவிடும். தண்ணீருக்கடியில் செய்யவே கூடாத காரியம் அதுதான்.

"மூச்சைச் சேத்து வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க, பேங்க்லயா போடப் போறீங்க?" என்று மாஸ்டர் தினமும் கேட்டார். "விடுங்க. கீழ போயிட்டா எல்லாருக்கும் ஒரே டிரெஸ், ஒரே கண்ணாடி. எனக்கு உங்க முகமே தெரியாது. குமிழி வருதா, நீங்க இருக்கீங்க. வரலையா, நீங்க இல்ல. அவ்ளோதான்."

"அப்போ இவ பாதி நேரம் ஆளே இல்ல மாஸ்டர்" என்றாள் அக்கா. குளத்தின் கரையில் ஏறியதும் மஞ்சள் டேப்பைக் கிழித்து, தங்கையின் நீல உடுப்பில் தோள்பட்டை மேல் ஒட்டினாள். "எங்கயும் தொலைஞ்சிடாத இன்ஸ்பெக்டர்."

மாஸ்டர் எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர். ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

"தண்ணிக்குள்ள யாரும் யார் கையையும் பிடிக்கக் கூடாது. பக்கத்துல இருந்த ஆளக் காணோமா, ஒரு சுத்து பாருங்க. இல்லன்னா நேரா மேல வந்துடுங்க. கையை நீட்டித் தேடாதீங்க."

"நீட்டுனா என்ன மாஸ்டர்?"

"நீட்டுனா யாராவது பிடிப்பாங்க."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கூடவே அவளும் சிரித்து வைத்தாள். அறைக்குப் போன பிறகு அந்த வாக்கியம் தொண்டையில் சிக்கிய முள்ளாக உறுத்தியது. யாராவது என்றால் யார்? அதன் பிறகு மாஸ்டரின் ஒவ்வொரு அசைவையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினாள். இன்று காலை படகுக்காரரும் அவரும் இந்த இடமா, அந்த இடமா என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டதும், இவள் அருகில் வந்ததும் பேச்சை நிறுத்தியதும்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

கீழே நடந்ததை இப்போது ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினாள். மணல்தரையில் மூன்று பேரும் மண்டியிட்டிருந்தார்கள். மாஸ்டர் முன்னால், அக்கா வலப்பக்கம். கண்ணாடிக்குள் தண்ணீர் கசிய, பதறி எழுந்தாள். அவள் கால் துடுப்புதான் மணலைக் கிளப்பியது. மாவுபோல எழுந்த மணல் எல்லாவற்றையும் மூடியது. தன் கையே தெரியவில்லை. ஒரு சுற்று பார்த்திருக்க வேண்டும். மேலே வந்திருக்க வேண்டும். ஆனால் தெருவைக் கடக்கும்போது இந்த வயதிலும் தன் கையைப் பிடித்துக்கொள்கிற அக்கா பக்கத்தில்தானே இருந்தாள்? அவள் வலக்கையை நீட்டினாள்.

பிடித்துக்கொண்டது.

வழவழப்பான கை. அதைப் பிடித்தபடியே மேலே வந்தாள். தலை வெளியே வந்ததும், மாஸ்டர் பார்ப்பதற்குள், விட்டுவிட்டாள்.

"மீட்டரைப் படிங்கம்மா" என்றார் மாஸ்டர். கண்ணாடியைக் கழற்றியதும் ஜோடியின் மீட்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று ஒருவர் மற்றவருக்குப் படிக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த பழக்கம்.

அவளுடையதில் பாதிக்கும் கீழே இருந்தது. அக்காவின் மீட்டரைத் திருப்பினாள். தண்ணீரில் இறங்குவதற்கு முன் இருந்த இடத்திலேயே முள் நின்றது. முழு சிலிண்டர்.

"நிறைய இருக்கு" என்றாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "கொஞ்சம்கூட இறங்கல மாஸ்டர்."

மாஸ்டர் எட்டி வந்து மீட்டரை விரல் நகத்தால் தட்டினார். "முள்ளு மாட்டிக்கிச்சு. பழைய மீட்டர்."

இருக்கலாம். பழைய மீட்டர்தான். தான் எப்போதும் இப்படித்தானே, மூடிய கேஸைத் திரும்பிவந்து பார்க்கிறவள்? அவள் அக்காவைப் பார்த்தாள். ஈரக் கூந்தல் நெற்றியில் ஒட்டியிருந்தது. கைகள் மடியில். இவள் முகத்தில் கண்ணாடி அழுத்திய தடம் தொட்டால் வலித்தது. கழற்றிய பின் நெடுநேரம் எல்லோர் முகத்திலும் அது இருக்கும். நேற்றுகூட அந்தத் தடத்தைக் காட்டி, "ஆந்தை மாதிரி இருக்கடி" என்று அக்கா கேலி செய்தாள். அக்காவின் முகத்தில் தடம் இல்லை. நெற்றி, கன்னம், மூக்கின் பக்கம், எங்கும் ஒரு கோடும் இல்லை.

"எப்படிக்கா இருந்துச்சு?"

அக்கா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினாள். தண்ணீருக்குள் காட்டும் சைகை. சரி என்று அர்த்தம்.

"மேல வந்துட்டோம்கா. வாயால பேசு."

வட்டம்.

விளையாடுகிறாள். அக்கா விளையாடக்கூடியவள்தான். ஆனால் அவள் வாய். சிலிண்டர் காற்றை இழுக்கும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்தாகிவிட்டது. அது மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் உதடுகள் மட்டும் இன்னும் அதைக் கவ்விக்கொண்டிருப்பதுபோலவே குவிந்து, பாதி திறந்து, அப்படியே நின்றன. உள்ளே இருட்டு.

"என்னை என்னன்னு கூப்பிடுவ நீ?"

வட்டம்.

படகின் இடப்பக்கம் கடல் கொப்பளித்தது. அடங்கியது. இடைவெளி முன்பைவிடக் கூடியிருந்தது. சிக்கனமாக மூச்சுவிடுகிற யாரோ.

"மாஸ்டர், அங்க குமிழி வருது."

"அது தரைக்கடியிலேர்ந்து வர்ற காத்தும்மா. இங்க எப்பவும் வரும்" என்றார் படகுக்காரர். கேட்டது மாஸ்டரை, பதில் சொன்னது இவர். எப்பவும் என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் குமிழியைப் பார்த்தார். பிறகு அக்காவின் மீட்டரை. பிறகு, முதல் முறையாக, அக்காவின் முகத்தை. சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார்.

"கீழ கையைப் பிடிச்சீங்களா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. "பிடிச்சேன்" என்றாள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை எடுத்து முகத்தை மெதுவாகத் துடைத்தார். துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "அண்ணே, நங்கூரத்தத் தூக்குங்க."

"மாஸ்டர், கீழ யாரோ இருக்காங்க."

"யாரும் இல்லம்மா. மூணு பேர் இறங்கினோம். மூணு பேர் ஏறிட்டோம்."

"பெஞ்சுல இருக்கறது எங்க அக்காவா மாஸ்டர்?"

"மூணு பேர்" என்றார் அவர். குரல் கெஞ்சியது. "கணக்கு சரியா இருக்கும்மா. கிளம்பிடலாம்."

படகுக்காரர் எஞ்சினைத் தட்டிவிட்டுக் கயிற்றுக்குப் போனார். பெஞ்சில் இருந்தது அவளைப் பார்த்தபடி விரல்களைச் சேர்த்தது. வட்டம். இந்த முறை கேள்வியாக. சரியா?

ரெண்டு பேரா வரணும்.

தப்பாக இருந்தால்? மீட்டர் பழையதாக இருந்தால், அக்கா விளையாடினால், கீழே வெறும் காற்றாக இருந்தால்? ஆயுள் முழுக்கக் கேலி செய்வாள். செய்யட்டும். அவள் கண்ணாடியை இழுத்து மாட்டினாள். ரெகுலேட்டரைக் கடித்தாள். யோசிக்காமல் குதித்தாள். வாழ்க்கையில் முதல் முறை.

கால் துடுப்பு இல்லை, படகில் ஏறும்போதே கழற்றியிருந்தாள். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக் கை மாற்றிக் கை மாற்றி இறங்கினாள். மிதக்கவைக்கும் ஜாக்கெட்டின் காற்றை வெளியேற்றினாள். காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினாள். நீலம் கருத்தது. மேலே எஞ்சின் உறுமியது, தலைக்குள்ளேயே உறுமுவதுபோல. இழுப்பு. விடுப்பு. இழுப்பு. விடுப்பு. குமிழிகள் அவள் காதை உரசி மேலே போயின.

மணல் படிந்திருந்தது. தெளிவாகத் தெரிந்தது.

அக்கா.

மண்டியிட்டிருந்தாள், விட்ட இடத்திலேயே. தலைக்கு மேல் சின்னச் சின்னக் குமிழிகள். உயிரோடு. மீட்டரின் முள் சிவப்புக்குள் இறங்கிவிட்டிருக்கும். ஆனாலும் அவள் மேலே வரவில்லை. வரமாட்டாள். இரண்டு கையாலும் யாருடைய கையையோ பிடித்து, தேய்த்து, கட்டைவிரலை மேலே காட்டிக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மேல போலாம். மேல போலாம். வாடி.

எதிரே மண்டியிட்டிருந்தவள் அசையவில்லை.

நீல உடுப்பு. தோளில் மஞ்சள் டேப்.

அது தலையைத் திருப்பியது. கண்ணாடிக்குள் அவளுடைய சொந்தக் கண்கள். அவளுடைய புருவம். இடப்பக்கம் புருவத்தை வெட்டும் அவளுடைய சிறுவயதுத் தழும்புகூட. தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு குமிழிகூட இல்லை.

இவள் அக்காவை நோக்கிக் கையை வீசினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். நான். நான்தான். அதைச் சுட்டினாள். இல்லை என்று கையாட்டினாள்.

அக்கா இவளைப் பார்த்தாள். அதைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கண்கள் விரிந்தன. இரண்டு நீல உடுப்பு. இரண்டு மஞ்சள் டேப். பிறகு, நல்ல மாணவியாக, மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள். முகத்தை விட்டுவிட்டு, தலைக்கு மேலே பார்த்தாள்.

அதன் வாயோரத்தில் ஒன்று முளைத்தது. கடுகளவு. தயங்கி, பிரிந்து, மேலே போனது. இன்னொன்று. பிறகு இரண்டு. பிறகு சரம் சரமாக. இப்போதுதான் கற்றுக்கொண்டது போல.

அக்காவின் பார்வை இவள் பக்கம் வந்தது. இவள் தலைக்கு மேலே.

அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

அப்போதுதான் தெரிந்தது. அதைப் பார்த்த கணத்திலிருந்து அவள் மூச்சு விடவில்லை. நெஞ்சு நிரம்பிக் கல்லாகியிருந்தது. விடு. விடுடி. விட்டுத்தொலை. தொண்டை திறக்கவில்லை.

அக்காவின் முகத்தில் பயம். தங்கையைப் பார்த்து அக்கா பயப்பட்டது அதுதான் முதல் முறை. அவள் பின்வாங்கினாள். அதன் கையை இறுகப் பற்றினாள். கட்டைவிரல் மேலே. அது உடனே தலையாட்டியது. இரண்டு பேராக எழும்பினார்கள்.

மூச்சு உடைந்தது. குமிழிகள் பெருங்கூட்டமாக அவர்கள் பின்னால் ஓடின. பார், அக்கா. இதோ. நான் இருக்கேன். பார்.

அக்கா கீழே பார்க்கவில்லை.

உதைத்தாள். வெறுங்கால். மணல்தான் கிளம்பியது. மாவுபோல எழுந்து கயிற்றை மூடியது. அக்காவின் கால்களை மூடியது. எல்லாவற்றையும் மூடியது. கையை நீட்டாதே. நீட்டாதே. கைகளை மார்போடு கட்டிக்கொண்டாள்.

ஒன்று அவளுடைய விரல்களைப் பிரித்து நுழைந்தது. வழவழப்பாக. பொறுமையாக.

கலங்கலுக்குள்ளிருந்து இன்னொரு கை அவள் கண்ணாடிக்கு முன்னால் வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, வட்டம்.

சரியா?

பதிலுக்காக அது அப்படியே நின்றது.