பதினேழாவது பெயர்

என் பெயர் பிரவீனன். வயது இருபத்து நான்கு. ஊர் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம். மூன்று வருடமாகப் பதுளையில் இருக்கிறேன். இப்போது இருப்பது எங்கள் அலுவலகத்தில், மசாலாக் கடைக்கு மேல்மாடியில். நேரம் பின்னேரம் நாலரை.

மதுஷா அக்கா, இதை நான் தட்டவில்லை. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாளைக்கு இதைப் பொலிசும் வாசிக்கலாம்.

மண்சரிவு ஆபத்துள்ள தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்து சனங்களைப் புது வீடுகளுக்கு மாற்றும் திட்டம் எங்களுடையது. வேலை முழுக்க ஒரு மென்பொருளில் ஓடுகிறது. வீட்டுக்கு ஓர் அட்டை. யார் பார்க்கலாம், யார் எழுதலாம், எந்தக் குழுவில் யாரைச் சேர்க்கலாம் என்று தீர்மானிப்பது நான். ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் கோரிக்கை எனக்கு வரும். கீழே இரண்டு பொத்தான்கள்: அனுமதி, மறு. தோட்டத்தில் சொல்வது போலச் சொன்னால், பேர் பதிகிறவனும் நான்தான், வெட்டுகிறவனும் நான்தான்.

தம்பையா மாமா எங்கள் கள அலுவலர். அதற்கு முன்னால் நம் தோட்டத்தில் கங்காணி. ஐப்பசி மழையில் நம் லயத்துக்கு மேலே வெடிப்பைப் படம் எடுத்துக்கொண்டு நின்றவரை மலை அப்படியே இழுத்துக்கொண்டது. உடலும் கிடைக்கவில்லை, போனும் கிடைக்கவில்லை. நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது.

அவர் பெயரை அன்றைக்கே நான் எடுத்திருக்க வேண்டும். மனம் வரவில்லை. அம்மா நமக்குச் சோறு பொங்கி வைத்துவிட்டு ஓடிவருவதற்குள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பதியும் இடத்தில், பெயர் கூப்பிட்டு முடிந்துவிடும். "விஜயலெட்சுமி" என்று கூப்பிட்டு, தானே "வந்தாச்சு" என்று சொல்லி அடையாளம் போட்டுக்கொள்வார் மாமா. அம்மா பெயரை ஒருநாளும் வெட்டாத மனிதர். அவர் பெயரை நான் எப்படி வெட்டுவேன்?

தப்பு அங்கேதான் தொடங்கியது.

இன்று காலை ஒரு கோரிக்கை வந்திருந்தது. 'பெரட்டு' என்ற குழுவில் பூவம்மாவைச் சேர்க்க வேண்டும். பூவம்மா, நம் லயத்து முதல் அறையில், முதல் காம்பராவில் இருப்பவள். கேட்டவர் தம்பையா. மழையில் சிக்னல் இல்லாமல் தேங்கிய பழைய கோரிக்கை என்று நினைத்தேன். தேநீரைக் குடித்துக்கொண்டே 'அனுமதி' அழுத்திவிட்டேன்.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி, எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியாமல் போனது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக அரைத்துக்கொண்டிருந்தது. மல்லி வறுக்கும் வாசனைக்கு நடுவில், புதிதாகத் தோண்டிய குழியின் வாசனை மெல்ல ஏறி வந்தது. அப்போதுதான் அந்தக் குழுவில் ஒரு படம் விழுந்தது. சிமெந்துத் தரையின் வெடிப்பு. வெடிப்புக்கு மேலே இரண்டு பாதங்கள். வெடித்த குதிகால், தேய்ந்த மெட்டி. தரைக்குக் கீழே இருந்து மேலே பார்த்து எடுத்த படம்.

படத்தின் கீழே ஒரே சொல். வந்தாச்சு.

அம்மாவுக்கு எடுத்தேன்.

"பூவம்மாவக் காலையில இருந்து காணோம்டா. கதவு உள்ளுக்குத் தாப்பா போட்ட மாதிரியே இருக்கு. ஜன்னலால பாத்தா ஆளு இல்ல. தரையெல்லாம் ஈரம்."

"அம்மா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க. இப்பவே."

"எதுக்கு? கம்ப்யூட்டரு சொல்லுச்சாக்கும்! போன வாரம் வெயில் அடிக்கும்னு சொல்லுச்சே. மொளகாயக் காயவச்சி நனஞ்சதுதான் மிச்சம்."

திட்ட மேலாளர் தினேஸ் சேருக்கு எடுத்தேன். அவர் சிரித்தார்.

"யாரோ அந்த ஃபோனைக் கண்டெடுத்து வெளையாடுறானுங்க தம்பி. சனத்தக் கெளப்பி விட்றாத. அந்த அதிகாரம் ஒனக்கு இல்ல."

"அதிகாரத்தக் குடுக்கிறவனே நான்தான் சேர்," என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்கா, வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சேரிடம் அப்படிப் பேசினேன்.

கணினியில் தம்பையா மாமாவின் பெயரை வெட்டினேன். பட்டியலில் இருந்து போனது. நான் கையை எடுக்கும் முன்னே திரும்பி வந்தது. அனுமதி கொடுத்தவர்: பிரவீனன். மறுபடியும் வெட்டினேன். மறுபடியும் பிரவீனன்.

பிறகு கோரிக்கைகள் வரிசையாக வந்தன. இராக்கம்மா. ஜீவராணி. ஜீவராணியின் கைக்குழந்தை. காம்பரா வரிசைப்படி, அவர் கூப்பிடும் அதே வரிசையில். பெரட்டில் வராதவருக்கும் நம் ஆட்கள் 'வந்தாச்சு' என்றுதான் குரல் கொடுப்பார்கள். 'வரல' என்று சொல்லி ஒருத்தி பெயரை வெட்டவைப்பது பாவம். அந்தப் பாவத்தை நான் செய்தேன், அக்கா. ஒவ்வொரு பெயருக்கும் 'மறு' அழுத்தினேன். வாயாலும் சொன்னேன்.

"இராக்கம்மா வரல!"

தரைப்பலகை ஒருமுறை விம்மியது.

"ஜீவராணி வரல! பிள்ளை வரல!"

அம்மாவுக்கு மறுபடி எடுத்திருந்தேன்; மறுகையில் இருந்த போனில் அவர். அவருக்கு என் குரல் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அடுப்பை அணைக்கச் சொல்லிக் கத்தினார். கதவுகளைத் தட்டினார். ஓடினார்.

விஜயலெட்சுமி.

இந்தப் பெயரை மாமா எத்தனை காலம் காப்பாற்றிக் கொடுத்தார்.

"வரல, மாமா. எங்கம்மா வரமாட்டாங்க. நீங்க போட்டதெல்லாம் போதும்."

லயத்துப் பதினாறு பேரில், பூவம்மா போக, பதினைந்து பேருக்கு 'மறு' போட்டேன். போனில் ஒரு சத்தம். நூறு லொறி கல் கொட்டியது போல. அப்புறம் அம்மா, மூச்சு வாங்க:

"லயம் இல்லடா. லயமே இல்ல. பதினஞ்சு பேரும் ஸ்கூல்ல நிக்கிறோம்."

நான் சிரித்தேன். அழுதேன். மேசையில் ஓங்கி அடித்தேன்.

திரையில் பதினேழாவது கோரிக்கை.

பிரவீனன். பதுளை. மேல்மாடி.

'மறு' அழுத்தினேன். நடக்கவில்லை. தன் பெயருக்கு வந்த கோரிக்கையைத் தானே தீர்க்க முடியாது. அந்த விதியைப் போட்டது நான்தான். உடனே உன் பெயரை இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்தேன். நான் கடைசியாக அழுத்தியது அதைத்தான்.

கீழே மசாலா மிஷின் நின்றுவிட்டது. குரல் கொடுத்தேன். கடையில் யாரும் பேசவில்லை. பலகை இடுக்குகளில் ஈரமண் பிதுங்குகிறது. மாடியில், அக்கா. மாடியில். என் விரல்கள் முழுக்க மண். துடைத்தால் மறுபடி மண். போன் விரலை ஏற்கவில்லை. அதனால்தான் பேசுகிறேன்.

இப்போது ஒரு படம் வந்திருக்கிறது. பலகை இடுக்கு. அதற்கு மேலே என் செருப்பு. செருப்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஐந்து விரல்கள். ஒன்றில், காலில் இருக்க வேண்டிய அதே தேய்ந்த மெட்டி. பிறகு இன்னொரு கை, நகம் முழுக்கத் தேயிலைக் கறை.

குனிந்து பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். கால்களை இழுத்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்கா, உன் போனுக்கு ஒரு கோரிக்கை வரும். என் பெயர் இருக்கும். நானே கேட்பது போலவும் இருக்கும். 'மறு' அழுத்து. வாயாலும் சத்தமாகச் சொல்லு, "பிரவீனன் வரல" என்று.