துணி போட்ட இடம்

விடியற்காலையில் கார்கள் தாமாகவே கீழே இறங்கி, மின்னூட்டுக் கூடத்தில் வயிறு நிறைய மின்சாரம் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்காரர்கள் குளித்து முடிப்பதற்குள் அறுபதாம் மாடி வாசலில் வந்து நின்றுவிடும். தாம்பரத்தில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

அன்று தில்லைநாயகியின் கார் சிட்டு, வெறும் வயிற்றோடு திரும்பி வந்தது.

"இடம் கிடைக்கலக்கா."

"நாற்பது இடம் இருக்கே?"

"இருக்கு. எல்லாத்துலயும் துணி போட்டிருக்காங்க."

தில்லைக்குப் பற்பசை நுரை தொண்டைக்குள் இறங்கியது. நிலவுச் சுரங்கத்தில் மூன்று வருடம் வேலை பார்த்த தம்பி குமரகுரு, மதியம் பழவேற்காட்டு இறங்குதளத்தில் வந்து இறங்குகிறான். நிலவின் லேசான ஈர்ப்புக்குப் பழகிய கால்கள் பூமியில் உடனே நிற்காது. உறவினர்களின் கார் வந்திருந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் பத்து நாள் விடுதியில் கஞ்சி. அவனோ மூன்று வருடமாக வஞ்சிரக் குழம்பைக் கனவு கண்டுகொண்டிருப்பவன். சிட்டுவிடம் மிச்சமிருந்த மின்சாரம் பல்லாவரம் தாண்டாது.

இருவரும் கீழே போனார்கள். நாற்பது இடமும் காலியாக இருந்தது. ஒவ்வொரு மின்னூட்டியின் மேலும் கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று விரிந்து கிடந்தது. துணி இல்லாத கார்கள் ஓரமாக வரிசையில், பசியோடும் பணிவோடும் நின்றன.

"துணி போட்டவங்க எங்க?"

"கார் கழுவுற எடத்துக்குக் குளிக்கப் போயிருக்காங்க. அங்கயும் துணி போட்டுட்டுத்தான் வந்தாங்க."

சாலை விதிகளைக் கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே கற்றுத்தந்துவிடுவார்கள். எழுதாத விதிகளைச் சொந்தக்காரரைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ள ஒவ்வொரு காரிலும் பழக்கப்பதிவி என்றொரு சில்லு உண்டு. அது என்ன கற்கிறது என்று யாரும் சோதித்ததில்லை.

தில்லை ஒரு பச்சைத் துணியை எடுத்தாள். வரிசை முழுவதும் ஒலிப்பான் அடித்தது. பசித்து நின்ற கார்கள்தான் அதிகமாகச் சத்தம் போட்டன.

"வைங்கம்மா கீழ." ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பெரிய சிவப்புக் கார் வந்தது. குரல் அப்படியே அதன் சொந்தக்காரர், நாற்பதாம் மாடி அம்மையப்பனுடையது. "துணி போட்டிருக்கறது தெரியல?"

"காலியாத்தானே இருக்கு?"

"காலியா இருக்கப்போயித்தானே துணி போடறோம்."

சட்டம் பேசிப் பயனில்லை. தில்லை குரலைத் தணித்தாள்.

"அண்ணே, தம்பி நிலாவுலேருந்து வர்றான். நிக்கக்கூடத் தெம்பிருக்காது. கொஞ்சம் தள்ளிக்கிட்டீங்கன்னா ஓரமா ஏத்திக்குவோம்."

சிவப்புக் கார் யோசித்தது. "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன," என்றபடி சக்கரங்களைத் திருப்பி ஒரு முழம் நகர்ந்தது. ஒருவர் நிற்கிற இடத்தில் இருவரும் உரசிக்கொண்டு நின்றார்கள். ஒரே மின்னூட்டியிலிருந்து இருவருக்கும் ஏறியது. சற்று நேரத்தில் சிவப்புக் கார் சிட்டுவிடம், "எதுவரைக்கும் போறீங்க?" என்று பேச்சுக் கொடுத்தது.

வழியில் தில்லைக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது. "இவ்வளவு அறிவோட உங்களப் படைச்சா, துணியப் போட்டு இடம் பிடிக்கறீங்க. யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"அத விடுங்கக்கா," என்றது சிட்டு.

விண்கலம் அரை மணி தாமதம். காத்திருப்புக் கூடத்தில் கூட்டம் நெரிந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலி காலி. தில்லை வாசலிலிருந்தபடியே துப்பட்டாவைச் சுழற்றி எறிந்தாள். குறி தப்பவில்லை. நிம்மதியாகத் தேநீர் வாங்கத் திரும்பியவள், கண்ணாடிச் சுவருக்கு வெளியே சிட்டுவின் இரண்டு விளக்குகள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

சக்கர நாற்காலியில் வந்த குமரகுரு, அக்காவைப் பார்த்ததும், "குழம்பு வெச்சுட்டியா?" என்று கேட்டான். அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தில்லை கார்க் கதவைத் திறந்தாள்.

ஆளே இல்லாத பின்னிருக்கையின் ஜன்னலோரத்தில் ஒரு துணி விரிந்து கிடந்தது.

"தம்பிக்கு இடம் போட்டு வெச்சேன்கா," என்றது சிட்டு.